பொன்னுக்கு வீங்கி

கோத்தகிரி அரசு மருத்துவமனையில்
ஜூலையில் பஞ்சுகூட உலராது.
கையுறைப் பெட்டியில் பூஞ்சை,
சுவரில் நாட்காட்டி ஊறி நெளிந்திருக்கும்.
அந்த ஈரத்துக்குள்தான் லோஜினி வந்தாள்,
ஒன்பது வயது,
தோளில் தண்ணீர் பாட்டில்.

முதல் தடவை நான்கு பல் சொத்தை.
அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டேன்.
ஊட்டியில் சாக்லேட் கடை, கிண்டுகிற இடத்தில்,
என்றார் நாகேந்திரன்.
அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.
சீட்டில் 'இனிப்பு' என்று எழுதி
அடிக்கோடிட்டேன்.

அடுத்த தடவை ஏழு.
சட்டையை மாத்திட்டுத்தான் பஸ் ஏறுறேன் டாக்டர்,
வாசனைகூட வீட்டுக்கு வர்றதில்ல, என்றார்.
இப்படிச் சொல்லும் எத்தனை அப்பாக்கள்!
கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு.

மூன்றாம் தடவை அம்மா.
விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை.
பிள்ளைக்குத் தாடை இருபுறமும் உப்பி,
கழுத்தில் அளவுக்கு மீறிய தங்கச் சங்கிலி.

"பொன்னுக்கு வீங்கிங்க.
என்னுது அடகுல இருக்கு,
பக்கத்து லைன்ல இரவல் வாங்கிப் போட்டேன்.
போன மூணு தடவையும் அவங்கதான் குடுத்தாங்க."

மூணா?

"இது நாலாவதுங்க."

பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும்
வாழ்நாளில் ஒருமுறை.
இதை எழுதித்தான் நான் தேர்வில் தேறினேன்.

கண்ணாடியை மறுபடி வாய்க்குள் விட்டேன்.
உட்கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.
இழுத்தால் சதை கூடவே வந்து
மெல்ல விட்டது.
முன்பும் ஒட்டியிருக்கும்.
வரிசை மழையில் நின்றது, நான்
பல்லை மட்டும் பார்த்தேன்.

கீழ்வரிசை முன்பற்கள்,
நாக்கடியில் ஊறும் சுனையில் நாளெல்லாம் நனைபவை,
வாயில் கடைசியாகக் கெடவேண்டியவை,
ஈறோரம் பழுப்பேறி நொறுங்கியிருந்தன.
நாக்கு, உறைபனி கருக்கிய இலை.
காதுக்கு முன்னால் அழுத்திவிட்டு
மேல் கடைவாய்க்கு எதிரே இருக்கும்
குண்டூசி வாசலைப் பார்த்துக் காத்திருந்தேன்.
ஒரு சொட்டு வந்தால் போதும்.
ஜன்னலில் மூடுபனி திரண்டு
மூன்று சொட்டு வழிந்தது.
இங்கே ஒன்றுமில்லை.

வர்க்கி தின்பியா?
"தண்ணி இருந்தா."
அழுதா கண்ணீர் வருமா?
அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.
"மண்ணு மாதிரி உறுத்தும்," என்றாள்,
"அதனால அழமாட்டேன்."

சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.
கோவைக்கு எழுதிக் கொடுத்தேன்.
அங்கே இமைக்கடியில் காகிதத் துண்டு,
கீழுதட்டுக்குள்ளிருந்து அரிசியளவு சதை.
ஊசி போட்ட நர்ஸ் சொன்னாராம்:
கண்ணுகூடக் கலங்கல, தைரியசாலி.

திரும்பி வந்த தாளில் ஒரு நீளமான பெயர்.
காவலுக்கு நின்ற அணுக்களே
ஊற்றுக்கண்களை அடைத்துக்கொண்டிருந்தன.
குழந்தைகளிடம் அபூர்வம், என்று கடைசி வரி.
என்னை மன்னிப்பதற்காக எழுதியதுபோல்.

நாகேந்திரனை உட்காரச் சொன்னேன்.
உங்கள் தப்பு ஒன்றுமில்லை.
வெகுநேரம் தன் கைகளைப் பார்த்தார்.
"அப்ப, பொறந்தநாளுக்கு
ஒரு துண்டு தரலாமா டாக்டர்?"

எச்சில் ஊறாத வாய்க்கு
இனிப்பு இன்னும் கேடு.
இனிமேல்தான் நிஜமாகவே கூடாது.
குற்றமில்லை என்று சொன்ன வாயோடு
அதே தண்டனையை எழுதினேன்.
அவர் சிரித்துவிட்டார்.
எனக்கு வரவில்லை.

பள்ளிக்கு ஒரு கடிதம்:
பாடம் நடக்கும்போதும் இம்மாணவி
தண்ணீர் குடிக்க அனுமதிக்கவும்.
முத்திரை குத்தினேன். மை காயவில்லை.
ஊதினேன், விசிறினேன்,
இந்த ஊரில் எது காய்கிறது.
மேசையோரம் நின்றவள்
ஒரு மிடறு குடித்தாள்.
காத்திருந்து
இன்னொரு மிடறு.